பேஸ் வேண்டுமென்றால் 50 மி.மீ. ட்ரைவர்தானா?

8 ஜூன் 2024 – வந்த கேள்வி

"அண்ணா, நான் அதிகம் கேட்பது குத்துப் பாட்டு, ஹிப்ஹாப், எலெக்ட்ரானிக். ஹெட்போன் வாங்கக் கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. 50 மி.மீ. ட்ரைவர் இருந்தால்தான் பேஸ், அதாவது அடி ஒலி, நன்றாக வரும், 40 மி.மீ. வாங்காதீங்க என்று கடைக்காரர் சொல்கிறார். அளவு பெரிதானால் பேஸும் கூடும் என்பது உண்மையா? எதை வாங்கலாம்?"

9 ஜூன் 2024, காலை

உண்மை இல்லை. அந்தக் கடையில் 50 மி.மீ. சரக்கு தேங்கிக் கிடக்கும்.

ட்ரைவர் என்பது ஹெட்போனுக்குள் அதிர்கிற குட்டி ஸ்பீக்கர். அதன் விட்டத்தை வைத்துப் பேஸைக் கணிப்பதும் பானையின் அகலத்தை வைத்துக் குழம்பின் ருசியைச் சொல்வதும் ஒன்றுதான். ஸ்டுடியோக்களில் பல வருடமாகப் புழங்கும் சோனி எம்டிஆர்-7506 வந்தது 1991-இல். அதில் இருப்பது 40 மி.மீ. ஆடியோ டெக்னிக்காவின் எம்50எக்ஸ் 45 மி.மீ. காதுக்குள் செருகும் இயர்போனில் பெரும்பாலும் 10 மி.மீ. விட்டத்தில்தான் ட்ரைவர் இருக்கும், அதுவே தாராளமாக 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கிவிடும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறைய ஒலி கீழே போகும்.

நானும் ஒரு காலத்தில் இதில் ஏமாந்தவன். பெட்டி மேல் தீ எரிகிற படம், 'பேஸ்' என்ற சொல் மூன்று இடத்தில், 50 மி.மீ. என்று பெரிய எழுத்து. வீட்டுக்கு வந்து மாட்டினால் பக்கத்து வீட்டில் தண்ணீர் ட்ரம்மை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பாடகர் யார், தாளம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பேஸ் இருந்தது, அதை மறுக்கவில்லை. பேஸ் மட்டும்தான் இருந்தது.

இப்போதைக்கு என் யோசனை: காதை முழுக்க மூடுகிற, பின்பக்கம் அடைத்த ஹெட்போன் வாங்குங்கள். ஐஇஎம், அதாவது காது வழியை அடைக்கும்படி உள்ளே செருகும் இயர்போன், அந்தப் பக்கம் போக வேண்டாம். கழற்றி மாட்டும் வயர் உள்ள ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். பேஸ் சுத்தமாக இல்லை. பாடகர் என் பின்மண்டைக்குப் பின்னால் நின்று பாடுகிறார். காசு தண்டம்.

10 ஜூன் 2024

பேஸ் பேஸ் என்று எல்லோரும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை குடியிருப்பவர். இவரைக் காதால் கேட்பது பாதி, உணர்வது பாதி. ரோலண்ட் டிஆர்-808 என்று 1980-இல் ஒரு ட்ரம் மெஷின் வந்ததே, அதன் கிக் 50 ஹெர்ட்ஸை ஒட்டி நீளமாக இழுத்து அடங்கும். ஹிப்ஹாப்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் விடவில்லை. இன்றைய சினிமாக் குத்துப் பாட்டிலும் அடியில் ஓடுவது பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைகள்தான்.

மற்றவர் 60-இலிருந்து 250 வரை. தவிலின் தொப்பி, பேஸ் கிட்டாரின் சதை, 'தொம்' என்கிற அடி எல்லாம் இங்கே. மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பியில் ரவைப் பசையை அப்புவது எதற்கு? தோலின் கனத்தைக் கூட்டி ஒலியை இந்தப் பக்கம் இறக்கத்தான்.

மலிவு ஹெட்போன்கள் 'பேஸ்' என்று விற்பது இரண்டாமவரை. அவரை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டால் பாடகரின் குரலுக்கு மேல் கம்பளி போர்த்தினது போல் ஆகிவிடும். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு நடக்குமே, அந்த நடையே காணாமல் போய்விடும். தம்பி கேட்கிற இசைக்கு வேண்டியவர் முதலாமவர். அவர் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் குரலைத் தொந்தரவு செய்வதில்லை.

பறை பேஸ் வாத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய தோலில் குச்சி படும் அந்த அடியின் ஓசை மேல் சுரத்தில் இருக்கிறது, கீழே இல்லை. ஹெட்போனின் அடிவயிற்றைச் சோதிக்க உறுமிதான் சரி. வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது 'ஊம்ம்' என்று கீழே சரிந்து மறுபடி ஏறும். நல்ல ஹெட்போனில் அந்தச் சரிவு முழுசாகக் கேட்கும். மட்டமானதில் பாதி வழியில் மறைந்து, பிறகு திடீரென்று முளைக்கும்.

12 ஜூன் 2024, இரவு

கடைக்குப் போனால் இதைச் செய்யுங்கள். ஹெட்போனை மாட்டி, பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, இரண்டு கைகளாலும் இரு பக்கக் கப்பையும் தலையோடு லேசாக அழுத்துங்கள். பேஸ் திடுமென்று கூடினால், சாதாரணமாக மாட்டும்போது எங்கேயோ காற்று கசிகிறது என்று அர்த்தம். கூடவில்லை என்றால் அது உங்கள் தலைக்குச் சரியாக உட்காருகிறது.

இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று இப்போது என்மேலேயே கோபம் வருகிறது. ட்ரைவர் அளவு, பிராண்டு, விலை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது இது.

எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு உண்டு. திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியும். வில்லோடு ஒரு மண்குடம் இருக்கும். அதன் வாயில் மட்டையால் அடிக்க அடிக்க 'கும் கும்' என்று வரும். பந்தலில் மற்ற எதையும் விடக் கனமான ஓசை அதுதான். அவ்வளவு கனம் மண்ணிலிருந்து வருவதில்லை, குடத்துக்குள் அடைபட்ட காற்றிலிருந்து வருகிறது. குடத்தில் ஒரு விரிசல் விழட்டும், அப்புறம் அது தண்ணீர் பிடிக்கவும் ஆகாது, பாட்டுக்கும் ஆகாது.

ஹெட்போனும் கிட்டத்தட்ட அப்படித்தான். கப்புக்கும் காதுக்கும் நடுவே அடைபட்ட கொஞ்சம் காற்று. ட்ரைவர் முன்னே தள்ளினால் அந்தக் காற்று அழுந்தும், பின்னே போனால் தளரும். செவிப்பறைக்குப் பேஸ் என்பது மெதுவாக நடக்கிற இந்த அழுத்தமும் தளர்வும்தான். ஓரத்தில் ஒரு சந்து இருந்தால் அழுத்தம் அது வழியே வெளியேறிவிடும். மேல் சுரங்களின் அதிர்வு வேகமானது, சந்து வழியே அழுத்தம் நழுவ நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் கசியும் ஹெட்போனில் ஜால்ரா கணீரென்று கேட்கிறது, உறுமி செத்துப்போகிறது.

போனோடு இலவசமாக வந்த, ரப்பர் முனை இல்லாத பழைய இயர்போன்களில் பேஸ் ஏன் இல்லை என்பதற்கும் பதில் இதே. ட்ரைவர் மேல் தப்பில்லை, வாசலை மூட ஆள் இல்லை.

13 ஜூன் 2024

கண்ணாடி! நான் கண்ணாடி போடுகிறவன், இதை எழுதாமல் விட்டுவிட்டேன். கண்ணாடியின் காம்பு கப்பின் ஓர மெத்தையான பேடைத் தூக்கிக் காதோரம் ஒரு சந்து உண்டாக்கும். காம்பு தடிமனாக இருந்தால் பேஸ் போவதைக் கேட்டே உணரலாம். பேட் மெத்தென்று இருந்தால் காம்பைச் சுற்றிப் படிந்துகொள்ளும், விறைப்பாக இருந்தால் படியாது. அடர்ந்த கிருதா, காதோரம் தொங்கும் முடி, பெரிய தோடு எல்லாமே இந்தக் கணக்கில் வரும். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு போய்க் கேட்டுப் பார்த்து வாங்கவும்.

16 ஜூன் 2024

ஒருவர் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். 5,000-க்குள் வராது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பேஸ் பிடித்தவர்கள் அதிகம் புகழும் அடைத்த ஹெட்போன்களில் அது ஒன்று. ஒரே பெயரில் 32 ஓம், 80 ஓம், 250 ஓம் என்று விற்கிறார்கள். ஓம் என்பது மின்தடையின் அளவு. ஓம் கூடினால் தரம் கூடும் என்று நினைத்து 250-ஐ வாங்கிப் போனில் மாட்டிவிட்டு, பேஸ் இல்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. போனில் மாட்டுவதானால் 32 அல்லது 80. 250-க்கு ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டி, வேண்டும். கரண்ட் பற்றாவிட்டால் முதலில் சாவது பேஸ்தான்.

ஓம் மட்டும் பார்த்தாலும் போதாது. ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ என்று ஒரு பிளேனர் ஹெட்போன் இருக்கிறது, தட்டையான மெல்லிய தகடு அதிரும் வகை. ஓம் குறைவுதான், ஆனால் உணர்திறன், அதாவது கொடுத்த மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது, 91 டெசிபல்தான். போனில் மாட்டினால் ஒலி முழுசாக ஏறாது. பெட்டியில் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

பின்பக்கம் திறந்த ஹெட்போன் பற்றியும் கேட்டிருக்கிறார். சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 இரண்டும் 300 ஓம். குரலுக்கு அவை போல் இல்லை என்பேன். ஆனால் 808 இறங்குகிற இடத்துக்கு அவை இறங்குவதில்லை, கீழே போகப் போகச் சரிந்துவிடும். பிளேனர் திறந்திருந்தாலும் கீழே நேராகப் போகும். திறந்ததெல்லாம் பேஸ் இல்லாதது என்று எழுத வந்தேன், எச்இ400எஸ்இ நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். இன்னொன்று, திறந்ததை மாட்டினால் நீங்கள் கேட்கும் பாட்டை வீடே கேட்கும். எங்கள் வீட்டில் தடை.

19 ஜூன் 2024, ரயிலில்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் வண்டி. எதிர் சீட்டுப் பையன் இயர்போனைச் சும்மா காது விளிம்பில் தொங்கவிட்டிருக்கிறான், எனக்குத் தாளம் கேட்கிறது. அவனுக்குப் பேஸ் கேட்காது. கேட்கவில்லை என்று ஒலியை ஏற்றியிருப்பான்.

வண்டியின் சக்கரம், மோட்டார், பஸ்ஸின் என்ஜின் எல்லாம் போடும் இரைச்சல் பெரும்பாலும் கீழ் ஒலி. பாட்டின் பேஸும் அதே இடத்தில்தான். இரைச்சல் பாட்டை மூடிவிடும். இரைச்சலை எதிர் ஒலி போட்டு அழிக்கும் ஏஎன்சி நன்றாக வேலை செய்வதும் இந்தக் கீழ்ப் பகுதியில்தான். ஆகவே பயணத்தில் பேஸ் வேண்டுமென்றால் ஏஎன்சிக்குக் கொடுக்கிற காசு பேஸுக்குக் கொடுக்கிற காசு. வீட்டில் மட்டும் கேட்பவருக்கு அந்தச் செலவு வீண்.

போஸ் கம்பெனிக்கு இந்த ஹெட்போன் யோசனை பிறந்ததே விமானத்தில்தான். 1978-இல் அந்தக் கம்பெனியை நிறுவிய ஆமர் போஸ் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டு கேட்க முயன்றார். என்ஜின் இரைச்சல் பாட்டை விழுங்கிவிட்டது. இறங்குவதற்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாராம். விமானிகளுக்கான ஹெட்செட் 1989-இல் வந்தது, நம்மைப் போன்றவர்களுக்கு 2000-இல். அவர் அப்பா வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவர் என்பது உபரித் தகவல்.

பல்லாவரம் வந்துவிட்டது, கூட்டம் ஏறுகிறது. பிறகு.

23 ஜூன் 2024, ஞாயிறு

மானம் போகிற விஷயம். எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல் நாள் ஒரு ஐஇஎம்-ஐத் திட்டினேனே, பேஸ் இல்லை, பாடகர் பின்மண்டையில் நிற்கிறார் என்று? இன்று காலை அதைத் துடைக்க எடுத்தேன். வயர் இரண்டு ஊசி உள்ள பிளக் மூலம் இயர்போனில் செருகும் வகை. இடது பக்கப் பிளக்கில் சிறு நீலப் புள்ளி வெளிப்பக்கம் பார்த்தது. வலது பக்கத்தில் சிவப்புப் புள்ளி உள்பக்கம், என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகியிருக்கிறேன்.

ஊசி இரண்டும் ஒரே தடிமன், எப்படிச் செருகினாலும் போகும். திருப்பிச் செருகினால் பிளஸ் மைனஸ் மாறிவிடும். இடது காதில் ட்ரைவர் முன்னே தள்ளும்போது வலது காதில் பின்னே இழுக்கும். இரண்டு காதுக்கும் பொதுவாக, நட்ட நடுவில் கேட்க வேண்டிய குரலும் பேஸும் இடம் தெரியாமல் கரைந்துவிடும். பாடகர் பின்மண்டைக்குப் போனதன் ரகசியம் இதுதான். அடையாளம் கண்முன்னே இருந்தது, ஆனால் ஒரு மாதம் நான் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திருப்பிச் செருகி அதே பாட்டைப் போட்டேன். பேஸ் வந்தது. வந்தது என்றால், வீட்டுக்காரி கூடத்திலிருந்து "என்ன சிரிப்பு?" என்று கேட்கிற அளவுக்கு வந்தது.

ஆகவே 9-ஆம் தேதி ஐஇஎம் வேண்டாம் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். 5,000 ரூபாய்க்கு ஆழமான பேஸ் வேண்டுமென்றால் வயருள்ள ஐஇஎம்தான் முதல் தேர்வு. காது வழியை நேரடியாக அடைக்கிறது, கண்ணாடிக் காம்புத் தொல்லை கிடையாது. ட்ரூதியர் ஜீரோ ரெட் என்று 2023-இல் ஒன்று வந்தது. வந்தபோது விலை 55 டாலர், ஒரு பக்கத்துக்கு இரண்டு ட்ரைவர். கூடவே 10 ஓம் தடை உள்ள விரல் நீள அடாப்டர் தருகிறார்கள், அதை நடுவில் மாட்டினால் பேஸ் இன்னும் ஏறும். அந்த அடாப்டர்தான் தம்பிக்கு. போனில் 3.5 மி.மீ. துளை இல்லாவிட்டால் சார்ஜ் துளையில் மாட்டும் ஒரு டாங்கிள் செலவும் சேரும்.

24 ஜூன் 2024

சிரிக்கிறவர்கள் முதலில் தங்கள் பிளக்கைப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கவும்.

25 ஜூன் 2024

இது தொடர்பாக இன்னொன்று. வயர் அறுந்த ஹெட்போனைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொடுத்து ஒட்டவைத்து வந்தபின் பேஸ் குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். சால்டர் வைத்தவர் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு கம்பியை இடம் மாற்றியிருக்க வாய்ப்புண்டு. ஒரே குரல் நடுவில் பாடும் பாட்டைப் போட்டுப் பாருங்கள். குரல் மூக்குக்கு நேராக நிற்கிறதா, தலையைச் சுற்றிப் பரவிக் கிடக்கிறதா? பரவினால் மறுபடி கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

30 ஜூன் 2024

ஈக்வலைசர், அதாவது கீழ் ஒலி, மேல் ஒலி என்று தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி. தூய்மைவாதிகள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

போன் ஆப்பில் 'பேஸ் பூஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது எங்கே ஏற்றுகிறது என்று சொல்லாமல் 100, 200 ஹெர்ட்ஸையும் சேர்த்துத் தூக்கும், தண்ணீர் ட்ரம் திரும்ப வந்துவிடும். லோ ஷெல்ஃப் என்கிற வகை இருந்தால் அதை 105 ஹெர்ட்ஸில் வைத்து 4, 5 டெசிபல் ஏற்றுங்கள். பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ளதுதான் எழும்பும். விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம், ஆண்ட்ராய்டில் வேவ்லெட் இருக்கிறது.

முக்கியமானது இனிமேல்தான். 5 டெசிபல் ஏற்றினால் ப்ரீஆம்ப் என்று இருப்பதை, அதாவது மொத்த ஒலியை, 5 டெசிபல் இறக்க வேண்டும். இன்றைய பாட்டுகள் ஏற்கெனவே விளிம்பு வரை நிரப்பிய செம்பு. மேலே ஊற்றினால் வழியும். பேஸ் அடி விழும் இடத்தில் 'பர்ர்' என்று கிழிந்தால் ஹெட்போனைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

105 என்ற எண் என் கற்பனை இல்லை. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளரின் குழு நிறையப் பேரை உட்காரவைத்து எந்த ஹெட்போன் ஒலி பிடிக்கிறது என்று கேட்டு ஒரு வரைகோடு போட்டது. அதில் பேஸ் ஏறத் தொடங்கும் இடம் ஏறத்தாழ அது. பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது, நல்ல ஸ்பீக்கரை ஓர் அறையில் வைத்தால் சுவர்கள் சேர்ந்து கொடுக்கும் அந்தக் கூடுதல் பேஸ். ஆகவே பேஸ் பிடிக்கும் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

7 ஜூலை 2024

16-ஆம் தேதி 'கரண்ட் பற்றாவிட்டால் முதலில் சாவது பேஸ்' என்று எழுதினேன். அது அரைகுறை. யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் சாவது மொத்த ஒலி, பேஸ் மட்டும் சாவதாகத் தோன்றுவது காதின் வேலை.

1933-இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் கண்டது இது. ஒலி குறையக் குறையக் காது பேஸை விட்டுக்கொடுத்துவிடும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் எவ்வளவு உரக்கக் கேட்கிறதோ, அதே உரப்பில் 50 ஹெர்ட்ஸ் கேட்க அதைவிட 30 டெசிபலுக்கு மேல் கூடுதலாக வேண்டும். ஒலியை ஏற்றினால் இந்த வித்தியாசம் சுருங்கும். கடையில் ஊழியர் ஒலியை முழுசாக ஏற்றிக் காட்டுவதும், இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சத்தம் கூடியது நல்லதாகத் தோன்றுவதும் இதனால்தான். ஒப்பிட்டால் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பேஸ் பிரியர்களுக்கான பொறியும் இதில் இருக்கிறது. பேஸ் போதவில்லை என்று ஒலியை ஏற்றுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் ஏறியதற்குப் பத்தில் ஒரு பங்கு நேரம். ஷெல்ஃபில் 5 டெசிபல் பேஸ் ஏற்றி மொத்த ஒலியைக் குறைத்துக் கேட்பது அதைவிட எவ்வளவோ மேல்.

மாமா மைக் செட் வைத்திருந்தார். நான் பள்ளி விடுமுறையில் ஒயர் சுற்றும் ஆள். கூம்பு ஸ்பீக்கர் காலம் அது, பேஸ் என்பதே கிடையாது, பனைமரத்தில் கட்டினால் மூன்று ஊருக்குக் கேட்கும். பிறகு பாக்ஸ் வந்தது. மாமா பாக்ஸ் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டில் போட்டுத் தூங்குவார், பாட்டு நின்றால்தான் விழிப்பார். இப்போது எதைச் சொன்னாலும் இரண்டு தடவை "என்னலே?" என்பார். எனக்கும் இடது காதில் சில ராத்திரிகளில் ஒரு 'ஙொய்' இருக்கிறது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

14 ஜூலை 2024

'பர்ன் இன்' பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புது ஹெட்போனை 100 மணி நேரம் ஓடவிட்டால் பேஸ் திறக்குமாம். ஓடவிட்டுக் கட்டிலில் கிடத்தினால் ஒன்றும் திறக்காது என்பது என் கட்சி. தலையில் மாட்டி 100 மணி நேரம் கேட்டால் மாறும்: பேட் நம் தாடை எலும்புக்கு ஏற்றபடி அமுங்கிக் கசிவு குறையும், காதும் அந்த ஒலிக்குப் பழகிவிடும்.

பேட் அமுங்குவது ஓரளவு வரைதான் நல்லது. சென்னை வியர்வையில் செயற்கைத் தோல் பேட் இரண்டு வருடம் தாங்கினால் அதிர்ஷ்டம். கறுப்புச் செதில் செதிலாகக் கழுத்தில் ஒட்டும், சட்டைக் காலரில் இருக்கும், வீட்டில் திட்டு விழும். செதில் உதிர்ந்த இடம் எல்லாம் காற்றுக்கு வழி. வெல்வெட் மாதிரித் துணி பேட் வியர்க்காது, ஆனால் துணி காற்றை விடும் என்பதால் தோல் பேடைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால் பல ஹெட்போன்களில் பேஸ் குறையும். வாங்கும்போதே மாற்று பேட் கிடைக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

முதல் நாள் 50 மி.மீ.யை ஒரேயடியாகத் தள்ளிவிட்டேன். கடைக்காரருக்குக் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். பரப்பு பெரிதானால் அதே அளவு காற்றைத் தள்ள ட்ரைவர் குறைவாக அசைந்தால் போதும். கசிவுள்ள, அல்லது பின்பக்கம் திறந்த ஹெட்போனில் இது உதவும், அங்கே நிறையக் காற்றைத் தள்ள வேண்டியிருக்கும். நன்றாக அடைத்த இடத்தில் 10 மி.மீ.யே போதும் என்பது அப்படியே நிற்கிறது. அவர் முழுப் பொய் சொல்லவில்லை. முழு உண்மையும் சொல்லவில்லை.

2 ஆகஸ்ட் 2024

ஊரில் கொடைக்குப் போய்விட்டு வந்தேன். நள்ளிரவு அலங்காரம், உறுமி மேளம், பக்கத்தில் ஆளுயரப் பாக்ஸ் எட்டு. சட்டைப் பொத்தான் நெஞ்சில் துடித்தது. ஹெட்போன் எவ்வளவு விலை கொடுத்தாலும் இதைத் தராது. அது அசைப்பது செவிப்பறையை, வயிற்றை அல்ல. நெஞ்சில் அடிக்கும் பேஸ்தான் வேண்டும் என்று ஹெட்போன் தேடுகிறவர் எதை வாங்கினாலும் குறைதான் சொல்வார். ஸ்கல்கேண்டி க்ரஷர் என்று ஒன்று உண்டு, உள்ளே தனியாக அதிரும் ட்ரைவர் வைத்து, கூட்டிக் குறைக்க ஒரு தள்ளுபட்டன் கொடுத்திருப்பார்கள். நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கன்னம் நடுங்கியது. பத்து நிமிடம் சிரிப்பாக இருந்தது, பிறகு பல் டாக்டர் நாற்காலி ஞாபகம் வந்தது. தம்பி வயதில் எனக்குப் பிடித்திருக்கலாம்.

வில்லுப்பாட்டும் இருந்தது. குடத்துக்கும் மைக் வைத்துவிட்டார்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் வைத்ததால் 'டக் டக்' என்று மட்டை சத்தம்தான் பாக்ஸில் வந்தது. எழுந்து போய் அண்ணாச்சியிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். மாமா கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

18 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்ட தம்பி வாங்கிவிட்டார், வயருள்ள ஐஇஎம். முதல் இரண்டு நாள் பேஸ் இல்லை என்று எனக்கு எழுதினார். பிளக் சரியாகத்தான் இருந்தது, புள்ளி பார்த்துவிட்டார். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ஜோடி ரப்பர் முனை வந்திருக்கிறது. ஏற்கெனவே மாட்டியிருந்த நடுத்தரத்தையே வைத்துக் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொன்னேன். மாட்டும்போது எதிர்க் கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகச் சொன்னேன், காது வழி நேராகி முனை ஆழமாகப் போகும்.

இன்று காலை பதில் வந்தது. இடது காதுக்கு நடுத்தரம் சரியாம், வலது காதுக்குப் பெரியதாம். இரண்டு காதும் ஒரே அளவு இல்லை என்று இருபத்திரண்டு வயதில் இப்போதுதான் தெரிந்ததாம். நானும் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.